பெருந்தொற்றுக் காலப் பயணக் கட்டுப்பாடுகளும் விமான நிறுவனங்களின் திட்டமிடலும்: திருநாவலூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கோவிட்-19 பெருந்தொற்றின்போது 2020 முதல் 2022 வரை அரசுகள் விதித்த பயணக் கட்டுப்பாடுகள், விமான நிறுவனங்களின் வழித்தடத் திட்டத்தையும் விமானத் தொகுதித் திட்டத்தையும் எவ்வாறு மாற்றின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. உள்நாட்டுச் சந்தை உடைய இண்டிகோ, உள்நாட்டுச் சந்தையே இல்லாத சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், சிறுநகரங்களை இணைத்த ட்ரூஜெட் ஆகிய மூன்றும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. தேவையின் இடத்தை அனுமதி பிடித்துக்கொண்ட அக்காலத்தில், காத்திருக்கும் ஆற்றல் உடைய நிறுவனங்களே நிலைத்தன என்பதும், சிறிய விமான நிலையங்களைச் சார்ந்திருந்த உள்நாட்டுப் பகுதிகள் இதன் சுமையை ஏற்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பெருந்தொற்று, வழித்தடம், விமானத் தொகுதி, விமானக் குத்தகை, உதான் திட்டம், திருச்சிராப்பள்ளி, சேலம், திருநாவலூர்.

1. முன்னுரை

சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த தலமாகிய திருநாவலூர், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டைக்கு அருகில் அமைந்துள்ளது. சென்னை–திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலை இவ்வூரை ஒட்டிச் செல்கிறது. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது 2019 நவம்பரில் ஆகும். அடுத்த நான்கு மாதங்களில் நாடு தழுவிய ஊரடங்கு வந்தது.

இம்மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று உளுந்தூர்பேட்டையில் பயன்பாடின்றிக் கிடக்கிறது. எனவே, இவ்வட்டாரத்து மக்கள் விமானப் பயணத்திற்கு நான்கு திசைகளை நோக்க வேண்டியுள்ளது: வடக்கே சென்னை, தெற்கே திருச்சிராப்பள்ளி, மேற்கே கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம், கிழக்கே புதுச்சேரி. இவற்றுள் புதுச்சேரி மிக அருகிலும் சென்னை தொலைவிலும் உள்ளன. ஒரே ஊரிலிருந்து செல்லத்தக்க இந்நான்கு நிலையங்களும் பெருந்தொற்றுக் காலத்தில் நான்கு வெவ்வேறு நிலைகளை அடைந்தன. அவ்வேறுபாட்டிற்கான காரணங்களை விமான நிறுவனங்களின் திட்டமிடலில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. மூன்று கால அளவுகள்

ஒரு விமான நிறுவனம் எந்த ஊர்களுக்கிடையே, எத்தனை முறை, எந்நேரத்தில் பறப்பது என வகுத்துக்கொள்வது வழித்தடத் திட்டம் எனப்படும். அதற்குரிய விமானங்களை எவ்வகையில், எத்தனை, விலைக்கோ குத்தகைக்கோ பெறுவது என வகுப்பது விமானத் தொகுதித் திட்டம் எனப்படும்.

இவ்விரண்டும் வெவ்வேறு கால அளவுகளில் இயங்குகின்றன. வழித்தடத்தின் கால அளவு ஒரு பருவம். உலகெங்கும் விமான அட்டவணைகள் மார்ச் இறுதியில் தொடங்கும் கோடைப் பருவம், அக்டோபர் இறுதியில் தொடங்கும் குளிர்காலப் பருவம் என இரண்டாக வகுக்கப்படுகின்றன. விமானத் தொகுதியின் கால அளவோ ஆண்டுக்கணக்கானது. இன்று கையெழுத்தாகும் கொள்முதல் ஒப்பந்தத்தின் விமானங்கள் பல ஆண்டுகள் கழித்தே முழுமையாக வந்துசேர்கின்றன. குத்தகை ஒப்பந்தங்களும் ஆறு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை நீள்கின்றன.

பெருந்தொற்று இவற்றோடு மூன்றாவது கால அளவு ஒன்றைச் சேர்த்தது. அரசின் கட்டுப்பாடு சில நாட்களில், சில வேளைகளில் சில மணி நேரங்களில் மாறியது. நாள்தோறும் மாறும் விதிக்குப் பருவ அட்டவணையும், பருவ அட்டவணைக்கு ஆண்டுக்கணக்கான ஒப்பந்தமும் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. குத்தகைக்கு எடுத்த விமானம் பறந்தாலும் நின்றாலும் மாதவாடகை செலுத்தியாக வேண்டும். நிற்கும் விமானத்திற்கும் பராமரிப்பு உண்டு: இயந்திரங்களின் வாயை மூட வேண்டும், சக்கரங்கள் ஒரே புள்ளியில் அழுந்தாதவாறு அவ்வப்போது நகர்த்த வேண்டும், ஈரப்பதமும் பூச்சிகளும் உட்புகாமல் காக்க வேண்டும். விமானிகளும் தம் தகுதியைத் தக்கவைத்துக்கொள்ளக் குறிப்பிட்ட இடைவெளிக்குள் மேலேற்றமும் தரையிறக்கமும் செய்திருக்க வேண்டும். ஆகவே, விமானத்தை நிறுத்திவைப்பதும் செலவு மிகுந்த ஒரு செயலே.

3. இந்தியாவில் கட்டுப்பாட்டின் வடிவங்கள்

இந்தியாவில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளை மூன்று வடிவங்களாகப் பகுக்கலாம்.

முதலாவது, முழுத் தடை. பன்னாட்டுப் பயணிகள் சேவை 2020 மார்ச் 22-க்குப் பின்னும், உள்நாட்டுச் சேவை மார்ச் 25 முதலும் நிறுத்தப்பட்டன. கோடைப் பருவ அட்டவணை தொடங்கவிருந்த வாரம் அது. பல மாதங்களாக வகுக்கப்பட்ட திட்டம் நடைமுறைக்கு வரும் முன்னரே பொருளற்றுப் போயிற்று.

இரண்டாவது, அளவு வரம்பு. 2020 மே 25 அன்று உள்நாட்டுச் சேவை மீண்டும் தொடங்கியபோது, ஒவ்வொரு நிறுவனமும் தன் கோடைக்கால அட்டவணையில் மூன்றில் ஒரு பங்கையே இயக்கலாம் என்று குடிமை விமானப் போக்குவரத்து அமைச்சகம் வரையறுத்தது. இவ்வரம்பு படிப்படியாக 45, 60, 70, 80 விழுக்காடு என அவ்வாண்டு டிசம்பருக்குள் உயர்ந்தது. இரண்டாம் அலையின்போது, 2021 ஜூன் 1 முதல் 50 விழுக்காடாகக் குறைந்தது. பின்னர் மீண்டும் ஏறி, அக்டோபர் 18 அன்று முற்றாக நீக்கப்பட்டது. இதனுடன் பறக்கும் நேரத்தின் அடிப்படையில் ஏழு பிரிவுகளாகக் கட்டணத்திற்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் விதிக்கப்பட்டன. 40 நிமிடத்திற்குக் குறைந்த பயணத்திற்குத் தொடக்கத்தில் 2,000 ரூபாய் முதல் 6,000 ரூபாய் வரை எனக் கட்டணம் வரையறுக்கப்பட்டது. மேல்வரம்பு பயணியைக் காத்தது. கீழ்வரம்போ, பணவலிமை மிக்க நிறுவனம் விலையைக் குறைத்து ஏனையோரை வீழ்த்தாதவாறு தடுத்தது. இக்கட்டண வரம்பு 2022 ஆகஸ்டு இறுதி வரை நீடித்தது.

மூன்றாவது, பட்டியல் முறை. எந்த நாட்டிலிருந்து, எந்த நகரத்திற்கு, எவர் வரலாம் என்பதைப் பட்டியலிட்டு அனுமதிப்பது இது. 2020 மே 7 அன்று தொடங்கிய வந்தே பாரத் மீட்புப் பயணங்களும், அவ்வாண்டு ஜூலை முதல் நாடுகளுக்கிடையே தனித்தனியாகச் செய்துகொள்ளப்பட்ட ‘விமானக் குமிழி’ ஏற்பாடுகளும் இவ்வகையின. மாலத்தீவு, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரை இந்தியக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் தூத்துக்குடிக்கு ஏற்றிவந்ததும் இக்காலத்தில்தான். வழக்கமான பன்னாட்டுச் சேவை 2022 மார்ச் 27 அன்றே மீண்டும் தொடங்கியது. இடைவெளி இரண்டு ஆண்டுகளுக்கும் மேல்.

மாநில அரசுகளும் தத்தம் விதிகளைச் சேர்த்தன. 2020 மே மாதத்தில் சென்னைக்கு நாளொன்றுக்கு 25 விமானங்கள் மட்டுமே வரலாம் எனத் தமிழ்நாடு அரசு வரம்பிட்டது. பயணிகளுக்கு மின்னணு அனுமதிச் சீட்டையும் கட்டாயமாக்கியது. அவ்வாண்டு ஜூலையில் சென்னை உள்ளிட்ட ஆறு நகரங்களிலிருந்து கொல்கத்தாவுக்கு வரும் விமானங்களை மேற்குவங்க அரசு தடுத்தது. ஒரு தடம் இயங்க, புறப்படும் இடம், சேரும் இடம், மைய அரசு ஆகிய மூன்றும் ஒருசேர இசைய வேண்டியிருந்தது.

4. உள்நாட்டுச் சந்தை உடைய நிறுவனம்: இண்டிகோ

இண்டிகோ நிறுவனத்திடம் 2020 மார்ச் இறுதியில் 262 விமானங்கள் இருந்தன. அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்டவை பழைய வகை ஏ320 விமானங்கள். ஏனையவை பெரும்பாலும் எரிபொருளைக் குறைவாகச் செலவிடும் நியோ வகையைச் சேர்ந்தவை. சிறுநகரங்களுக்கான ஏடிஆர் விமானங்களும் இருந்தன.

இந்நிறுவனத்தின் தொகுதித் திட்டம் ‘விற்றுக் குத்தகைக்குப் பெறுதல்’ என்னும் முறையில் அமைந்தது. பெரும் எண்ணிக்கையில் விமானங்களைக் கொள்முதல் செய்து, கைக்கு வந்ததும் குத்தகை நிறுவனத்திற்கு விற்று, ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு அவற்றையே குத்தகைக்கு எடுப்பது இம்முறை. இதனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதி விமானங்களின் குத்தகை இயல்பாகவே முடிவுக்கு வரும். இளமையான விமானங்களை வைத்திருப்பதற்காக வகுக்கப்பட்ட இவ்வேற்பாடு, பெருந்தொற்றில் வேறொரு பயனைத் தந்தது. ஒப்பந்தத்தை முறிக்காமலே பழைய விமானங்களைத் திருப்பித் தந்து தொகுதியைச் சுருக்க முடிந்தது. புதிய நியோ விமானங்களின் வரவும் நிற்கவில்லை. தொகுதியின் எண்ணிக்கை 2021 மார்ச்சில் 285 ஆகவும், 2022 மார்ச்சில் 275 ஆகவும் இருந்தது. எண்ணிக்கை பெரிதும் மாறவில்லை. தொகுதியின் உட்கூறு மாறியது. பழையன கழிதலும் புதியன புகுதலும் நெருக்கடியின் ஊடாகவே நிகழ்ந்தன.

வழித்தடத்தைப் பொறுத்தவரை, மூன்றில் ஒரு பங்கு என்னும் வரம்பு நிறுவனத்தைத் தேர்வு செய்ய வைத்தது. பல முறை பறந்த பெருநகரத் தடங்களில் முறைகளைக் குறைத்தால் இணைப்பு அறாது. நாளொன்றுக்கு ஒருமுறை பறந்த சிறுநகரத் தடத்திலோ, குறைப்பது என்பது நிறுத்துவதே ஆகும். சிறிய ஏடிஆர் விமானங்கள் கையில் இருந்தமையால் குறைந்த பயணிகளுடனும் சில தடங்களைத் தொடர முடிந்தது. பயணிகள் இல்லாத விமானங்களில் சிலவற்றை இருக்கைகளின் மீதும் சரக்கு வைத்து அனுப்பும் சேவைக்கு நிறுவனம் பயன்படுத்தியது.

இவற்றுக்குரிய விலையும் கடுமையானது. 2020 ஜூலையில் ஊழியர்களில் 10 விழுக்காட்டினரைக் குறைப்பதாக நிறுவனம் அறிவித்தது. 2020–21 நிதியாண்டில் ஏறத்தாழ 5,806 கோடி ரூபாயும், அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 6,162 கோடி ரூபாயும் இழப்பு ஏற்பட்டது. எனினும் உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டோரை அந்நிறுவனமே ஏற்றிச்சென்றது. 2023–24 நிதியாண்டில் 8,000 கோடி ரூபாய்க்கும் மேல் இலாபம் ஈட்டியது. உள்நாட்டுச் சந்தை இழப்பைத் தடுக்கவில்லை. ஆனால் விமானங்களையும் விமானிகளையும் இயக்கத்தில் வைத்திருக்க இடமளித்தது.

5. உள்நாட்டுச் சந்தை இல்லாத நிறுவனம்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு உள்நாட்டுத் தடம் என ஒன்றுமில்லை. 2020 மார்ச் 23 நள்ளிரவுக்குச் சற்று முன் குறுகியகால வருகையாளர்களுக்குச் சிங்கப்பூர் தன் எல்லையை மூடியபோது, நிறுவனத்தின் பயணிகள் சேவை ஏறத்தாழ முழுமையாக நின்றது. 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் பயணிகள் போக்குவரத்து முந்தைய ஆண்டைவிட 99 விழுக்காட்டிற்கும் மேல் வீழ்ந்தது.

இந்நிறுவனத்தின் முதற்செயல் பணம் திரட்டுதலாக இருந்தது. பெரும்பங்குதாரரான தெமாசெக்கின் ஆதரவுடன் 1,500 கோடி சிங்கப்பூர் வெள்ளி வரை திரட்டும் திட்டம் 2020 மார்ச் மாதத்திலேயே அறிவிக்கப்பட்டது. அடுத்தது விமானங்களைப் பாதுகாத்தல். ஈரப்பதம் மிகுந்த சிங்கப்பூரில் நெடுநாள் நிறுத்தினால் உலோகமும் மின்கருவிகளும் கெடும் என்பதால், ஒரு பகுதி விமானங்கள் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலமாகிய ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அனுப்பப்பட்டன. மூன்றாவதாக, தொகுதி மறுஆய்வு. 2020 நவம்பரில் 26 பழைய விமானங்கள் மிகையானவை என அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஏழு, உலகின் மிகப்பெரிய பயணிகள் விமானமாகிய ஏ380. 19 ஆக இருந்த அவ்வகை 12 ஆகக் குறைந்தது. 2021 பிப்ரவரியில் ஏர்பஸ், போயிங் நிறுவனங்களுடன் பேசி, 400 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட செலவினம் பின்தள்ளப்பட்டது.

இங்குக் கருதத்தக்கது, மிகப்பெரிய விமானங்கள் முதலில் கழிக்கப்பட்டமையே. ஒரே தடத்தில் பெருங்கூட்டத்தை ஏற்றிச் செல்ல அமைந்த விமானம், அனுமதி சிதறியும் மாறியும் வரும் காலத்திற்கு ஒவ்வாது. சிறிய, இரட்டை இயந்திர விமானங்களே அத்தகைய காலத்திற்கு ஏற்றவை. அக்குழுமத்தின் மலிவுக்கட்டண நிறுவனமாகிய ஸ்கூட் ஓர் ஏ320 விமானத்தின் இருக்கைகளை அகற்றிச் சரக்கு ஏற்றுவதற்கு மாற்றியதும் இதே நோக்கில் அமைந்தது. குழுமத்தில் ஏறத்தாழ 4,300 பணியிடங்கள் குறைக்கப்பட்டன. 2020–21இல் ஏறத்தாழ 427 கோடி வெள்ளி இழப்பு நேர்ந்தது. 2022–23இலோ 215 கோடி வெள்ளிக்கு மேல் இலாபம் கிட்டியது. பிற நிறுவனங்கள் விமானமும் ஊழியரும் இன்றித் தடுமாறிய வேளையில் உடனே பறக்கத் தொடங்கும் நிலையில் இருந்தமை இதற்கு ஒரு முதன்மைக் காரணமாகும்.

6. சிறுநகர நிறுவனம்: ட்ரூஜெட்டும் சேலமும்

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூஜெட், ஏடிஆர் 72 விமானங்களைக் கொண்டு சிறுநகரங்களை இணைத்த நிறுவனம். நடுவண் அரசின் உதான் திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் சென்னை–சேலம் சேவையை அது தொடங்கியது. உதான் திட்டத்தில் விமானத்தின் ஒரு பகுதி இருக்கைகள் வரம்பிட்ட கட்டணத்தில் விற்கப்படும். அதனால் ஏற்படும் பற்றாக்குறையை அரசு ‘நம்பகத்தன்மை இடைவெளி நிதி’யாக மூன்று ஆண்டுகளுக்கு ஈடுசெய்யும். மூன்றாண்டுகளில் பயணிகள் பெருகி, தடம் தன் காலில் நிற்கும் என்பதே திட்டத்தின் எதிர்பார்ப்பு.

சேலம் தடத்திற்கு அந்த மூன்றாம் ஆண்டு முழுவதும் பெருந்தொற்றில் கழிந்தது. தேவை வேரூன்ற வேண்டிய ஆண்டே ஊரடங்கின் ஆண்டாயிற்று. திருப்பித் தரவோ, பின்தள்ளவோ, வேறு தடங்களுக்கு மாற்றவோ போதிய விமானங்கள் இல்லாத சிறுநிறுவனத்திற்குக் காத்திருப்பது இயலாததாயிற்று. 2021இல் சேலம் சேவை நின்றது. 2022 பிப்ரவரியில் ட்ரூஜெட் நிறுவனமே பறப்பதை நிறுத்தியது. சேலத்திற்கு மீண்டும் விமானம் வந்தது 2023 அக்டோபரில், அலையன்ஸ் ஏர், இண்டிகோ ஆகிய நிறுவனங்களால். உலகக் கட்டுப்பாடுகள் நீங்கிய பின்னரும் சேலம் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தது.

புதுச்சேரியின் நிலையும் இதற்கு இணையானது. ஸ்பைஸ்ஜெட் இயக்கிவந்த சேவை 2020 மார்ச்சில் நின்று, 2022 மார்ச் இறுதியிலேயே மீண்டது. ஒரே நிறுவனத்தைச் சார்ந்த நிலையம், அந்நிறுவனத்தின் தொகுதி முடிவுக்கு முழுதும் கட்டுப்பட்டதாகிறது.

7. திருநாவலூரிலிருந்து ஒரு நோக்கு

மேற்கண்ட முடிவுகள் ஒரு சிற்றூரில் எவ்வாறு வந்து சேர்ந்தன எனக் காணலாம். திருச்சிராப்பள்ளி விமான நிலையம் பெருந்தொற்றுக்கு முன் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் முதலிய நகரங்களுடன் இணைக்கப்பட்டிருந்தது. உள்நாட்டுப் பயணிகளைவிடப் பன்னாட்டுப் பயணிகள் மிகுந்த நிலையம் அது. நடுத் தமிழ்நாட்டிலிருந்து கடல்கடந்து பணிக்குச் செல்வோர்க்கு இதுவே வாயில்.

இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரல் 23 இரவு முதல், அண்மையில் இந்தியாவில் இருந்த நீண்டகால அனுமதியாளர்களும் குறுகியகால வருகையாளர்களும் சிங்கப்பூருக்குள் நுழையத் தடை வந்தது. அத்தடை அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் நீங்கியது. நவம்பர் 29 முதல், தடுப்பூசி செலுத்திக்கொண்டோர்க்கான தனிப் பயணத்தடம், அதாவது ‘விடிஎல்’, இந்தியாவுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. சென்னை, தில்லி, மும்பை ஆகிய மூன்று நகரங்களிலிருந்து நாள்தோறும் இவ்விரண்டு விமானங்கள் அதில் இடம்பெற்றன. இவற்றில் வருவோர் தனிமைப்படுத்தலுக்கு உட்பட வேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளி அப்பட்டியலில் இல்லை.

அவ்வேளையில் விடிஎல் தகுதி பெற்ற திருநாவலூர்க்காரர் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவரது தடுப்பூசிச் சான்றும், பரிசோதனை முடிவும், சேருமிடமும் சென்னைவாசியினுடையவையே. அருகிலுள்ள திருச்சிராப்பள்ளியை விடுத்து, அவர் வடக்கே திரும்பிச் சென்னைக்குச் செல்ல வேண்டும். அல்லது தனிமைப்படுத்தலை ஏற்க வேண்டும். நோய்ப்பரவலின் அடிப்படையில் இவ்வேறுபாட்டிற்கு விளக்கம் இல்லை. வரும் விமானங்களின் எண்ணிக்கையைச் சிங்கப்பூர் தன் பரிசோதனை வசதிக்குள் அடக்க வேண்டியிருந்தது. அச்சிறு ஒதுக்கீடு பெருநகரங்களுக்குச் சென்றது. திசம்பர் 22 முதல் ஒமிக்ரான் காரணமாக விடிஎல் சீட்டு விற்பனையும் நிறுத்திவைக்கப்பட்டது. எல்லா நகரங்களுக்கும் பொதுவான நிலை 2022 வசந்தகாலத்தில்தான் வந்தது.

ஆக, 2021இன் இறுதியில் திருநாவலூருக்கு அருகிலுள்ள புதுச்சேரியில் சேவை இல்லை, சேலத்திலும் இல்லை, திருச்சிராப்பள்ளி இயங்கினும் பட்டியலுக்கு வெளியே நின்றது, எஞ்சியது தொலைவிலிருந்த சென்னை. வரைபடத்தில் நான்கு வாயில்களுக்கு நடுவே இருந்த ஊர், நடைமுறையில் ஒரே வாயிலைச் சார்ந்ததாயிற்று.

8. முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, கட்டுப்பாட்டுக் காலத்தில் வழித்தடத்தைத் தீர்மானித்தது பயணிகளின் தேவையன்று, அனுமதியே. பயணிகள் குறைவு என்பதைக் கொண்டு அக்காலத்தில் ஒரு தடத்தின் தகுதியை அளவிடுவது பிழையாகும்.

இரண்டாவதாக, நிறுவனங்களைக் காத்தது அவற்றின் தொகுதி ஒப்பந்தங்களின் நெகிழ்வும் நிதி ஆதரவும் ஆகும். இண்டிகோவுக்குக் குத்தகை முடிவுகளும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் பெரும்பங்குதாரரின் பணமும் காத்திருக்கும் காலத்தைத் தந்தன. ட்ரூஜெட்டுக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

மூன்றாவதாக, விமானப் போக்குவரத்துப் புள்ளிவிவரங்கள் நிலையம் வாரியாகத் தொகுக்கப்படுகின்றன. பயணி எம்மாவட்டத்திலிருந்து வந்தார் என்பது அவற்றில் இடம்பெறுவதில்லை. ஆகவே, சேலம் நின்றதும் திருச்சிராப்பள்ளி விடுபட்டதும் கள்ளக்குறிச்சியின் இழப்பாகக் கணக்கில் ஏறவில்லை. எதிர்காலத்தில் இத்தகைய கட்டுப்பாடு தேவைப்படுமாயின், நகரங்களின் பட்டியலை வகுப்போர் அந்நகரங்களைச் சார்ந்து வாழும் சுற்றுவட்டாரங்களையும் சேர்த்து எண்ண வேண்டும். உதான் போன்ற திட்டங்களில், சேவை முடங்கிய காலத்தை நிதியுதவிக் காலத்தினின்று நீக்கிக் கணக்கிடும் விதி தொடக்க ஒப்பந்தத்திலேயே இடம்பெறுவது நன்று. உளுந்தூர்பேட்டை ஓடுதளம் போன்றவற்றுக்குப் புத்துயிர் அளிப்பது பற்றி எண்ணும்போதும், ஓடுதளத்தின் நீளத்தோடு அங்குப் பறக்கவிருக்கும் நிறுவனத்தின் காத்திருக்கும் ஆற்றலையும் அளந்து பார்ப்பது இன்றியமையாதது.